கௌரியும் கெளரியும்: ஒரு கட்டற்ற மென்பொருளில் தமிழ்த் தேடலைச் சரிசெய்த அனுபவம்

சேலத்துக் கொலுசுப் பட்டறையில் கணக்கு என்றால் முதலில் எடைக் கணக்குதான், ரூபாய் அப்புறம். வெள்ளியை எடை போட்டுத் தொழிலாளியிடம் கொடுப்பார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு, சேதாரம் கழித்து, மீதியை அவர் பெயரில் எழுதுவார்கள். ஒரே ஆள் கணக்கில் இரண்டு பேராகிவிட்டால், ஒரு பக்கத்தில் அவர் கிலோக்கணக்கில் வெள்ளி பாக்கி வைத்திருப்பார். இன்னொரு பக்கத்தில் பட்டறைதான் அவருக்குப் பாக்கி என்று இருக்கும். இரண்டுமே பொய். வெள்ளி விற்கும் விலையில் இப்படி ஒரு பொய், ஒரு மனிதரின் நாணயத்தையே சந்தேகிக்க வைத்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமன் நடத்தும் பட்டறையில் ஒரு பெயர் அப்படிப் பிரிந்து நின்றது. உண்மைப் பெயரை விட்டுவிட்டு இங்கே கௌரி என்று வைத்துக்கொள்கிறேன். தேடல் கட்டத்தில் கௌரி என்று தட்டினால் புதிய கணக்கு மட்டும் வரும். பழைய கணக்கு வராது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டினால் இரண்டு கௌரிகள் இருக்கிறார்கள். கண்ணுக்கு எந்த வேற்றுமையும் இல்லை. "என்ன மாப்பிள்ளை, கணினிக்கு நம் எழுத்து தெரியவில்லையா?" என்று மாமா கேட்டார். கேள்வி சரியான கேள்விதான்.

பட்டறையில் ஓடுவது, சிறு தொழில்களுக்காகப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிவரும் ஒரு கட்டற்ற சரக்குக் கணக்கு நிரல். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, தரவுகள் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் கோப்பில் இருக்கின்றன, 2007இல் வெளியான குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருகிறது. இதற்கு முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு நிரல் இருந்தது. அதில் குறை இருந்தால் விற்றவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்; அவர்கள் செய்தால் உண்டு. இப்போது மூலநிரல் என் மடிக்கணினியில் இருக்கிறது. படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். உரிமம் தரும் இந்த மூன்று உரிமைகளின் அருமை, ஒரு தொழிலாளியின் எடை பிசகும்போதுதான் புரிகிறது.

முதல் வேலை, இரண்டு பெயர்களையும் எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாகப் பார்ப்பது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண். பைத்தானில் ஒரு வரி எழுதினால் பெயரில் உள்ள எண்கள் வரிசையாக வந்துவிடும். புதிய கணக்கில் க என்ற 2965க்குப் பிறகு 3020 இருந்தது. அது ௌ குறி. பழைய கணக்கில் 2965, அப்புறம் 3014, அப்புறம் 2995. அதாவது க, ஒற்றைக் கொம்பு, கூடவே முழு ள. திரையில் இரண்டும் ஒரே உருவம். எஸ்கியூலைட் எண்வரிசையை அப்படியே ஒப்பிடும், உருவத்தைப் பார்க்காது. அதன் பார்வையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

தோண்டியபோது வேறு ஒன்றும் தெரிந்தது. கொ, கோ வரும் பெயர்களிலும் இரட்டை வடிவங்கள் இருந்தன. ொ குறியை 3018 என்று ஒரே எண்ணாக எழுதலாம். 3014, 3006 என்று கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோடு விதிப்படி இவை இரண்டும் சமம். எந்த மென்பொருளும் இவற்றை ஒன்றாகவே நடத்த வேண்டும். ஆனால் கௌ, கெள விஷயம் அப்படியில்லை. அங்கே விதி உதவாது, ஏனென்றால் ள ஒரு தனி எழுத்து. யூனிகோடு கணக்கில் 'கெளரி' என்பது கௌரியின் மாற்று வடிவம் அல்ல; வேறு ஒரு சொல்.

பழைய கணக்குகள், யூனிகோடு முறையில் அமையாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்து மாற்றப்பட்டவை. பாமினியில் கௌ அடிக்க, கொம்பு, க, ள என்று மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். ௌவின் வலப்பக்கத் துண்டுக்கென்று தனி விசை கிடையாது. ளவே அந்த வேலையையும் செய்தது. தட்டச்சு நிலையங்களிலும் அச்சகங்களிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் தமிழ் அடிக்கப்பட்டது. யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அந்த மூன்று விசைகளைப் பார்த்து, இது கௌவா, கெளவா என்று எப்படி அறியும்? அகராதி இல்லாமல் அறிய வழியே இல்லை.

"பழையதை எல்லாம் மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்ததே" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ெள வரும் இடமெல்லாம் ௌ போடு என்று ஒரு கட்டளை. கொலுசுப் பட்டறையில் அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளி என்ற சொல்லே அதில் சிக்கும். வ, கொம்பு, ள என்று தொடங்கும் அந்தச் சொல் வௌ ஆகி, மிச்சமிருக்கும் புள்ளி ஒட்டிக்கொள்ள எழுத்தின்றி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் நிற்கும். ஒவ்வொரு வரவிலும் ஒவ்வொரு பற்றிலும் வெள்ளி இருக்கிறது. சரி, ளவுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று விதியைக் கொஞ்சம் இறுக்கலாம். வெள்ளி தப்பிக்கும், தெளிவு தப்பிக்கும், கெளுத்தி மீனும் தப்பிக்கும். அவ்வளவு போதும் என்று நினைக்கும்போதுதான் ஏற்காட்டில் பதில் கிடைத்தது.

ஏற்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் இதே நிரலைப் பயன்படுத்துகிறார். ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் அவருடைய கிடங்கு. வேறு ஊரின் தரவோடு சோதிக்காமல் எந்தத் திருத்தத்தையும் நிரலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பக் கூடாது என்பது என் எண்ணம். ஆகவே ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவரிடம் போனேன். மலைக் கிராமத்துப் பெயர்கள் சோதனைக்கு அருமையான சரக்கு. கொட்டச்சேடு என்ற ஒரு பெயரிலேயே ொ குறியும் ே குறியும் வந்துவிடுகின்றன. அவருடைய கணக்கில் அது இரண்டு வடிவத்திலும் இருந்தது. கைபேசியில் ஏற்றியது ஒன்று, பழைய கணினியிலிருந்து வந்தது ஒன்று.

ஆனால் முக்கியமானது மிளகு. சரக்குப் பெயர்களை அவர் கிடங்கில் வேலை செய்பவர்கள் பேசுகிறபடியே ஏற்றியிருந்தார்கள். பல இடங்களில் 'மெளகு' என்று இருந்தது. இங்கே ள உண்மையான ள. அதற்குப் பின்னால் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. இறுக்கிய விதிகூட இதை 'மௌகு' என்று கெடுத்துவிடும். அதே நேரம் மெளனம் என்று இருந்தால் அது மௌனம். இரண்டையும் பிரித்தறிய, பொருள் தெரிந்த மனிதர் வேண்டும். அங்கேயே முடிவாகிவிட்டது: சேமித்த தரவைத் தொடக் கூடாது. மக்கள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். தேடும் இடத்தில் மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்க வேண்டும்.

கிடங்கில் இணைய இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. வேலை நிற்கவில்லை. 2005இல் லினக்ஸ் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைப்பது; அது திட்டத்தின் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே வைத்துவிடுகிறது. எந்த வரியை யார், எந்தக் காரணத்துக்காக எழுதினார் என்று பார்க்க இணையம் வேண்டியதில்லை. தேடல் பகுதியின் வரலாற்றை அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தேடலுக்கென்று ஒரு சாவி சேமிக்கப்படுகிறது. அதில் ஐரோப்பிய மொழிகளின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேற்றுமையை நீக்கிவிடுகிறார்கள். எஸ்கியூலைட்டின் சாதாரணத் தேடல் அந்த வேற்றுமையை அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே பொருட்படுத்தாமல் விடும் என்பதால் இந்த ஏற்பாடு என்று கமிட் குறிப்பில், அதாவது அந்த மாற்றத்தைப் பதிந்தபோது எழுதிய குறிப்பில், தெளிவாக எழுதியிருந்தார் ஒருவர். நல்ல கமிட் குறிப்பு என்பது, பிற்பாடு வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதும் கடிதம். எனக்கு அது சரியான வாசலைக் காட்டியது. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். அந்தச் சாவியைச் செய்யும் செயல்கூற்றில் தமிழைச் சேர்த்தால் போதும்.

இனி சமூகத்தோடு பேச வேண்டும். பங்களிப்பு வழிகாட்டியை முழுவதும் படித்தேன். அதைப் படிக்காமல் நிரலை அனுப்புவது, பராமரிப்பவர்களின் நேரத்தை நம் நேரத்தைவிட மலிவாக நினைப்பதாகும். ஏற்கெனவே பதிவான வழுக்களை, அதாவது நிரல் பிழைகளை, தேடியபோது, பிரெஞ்சுப் பெயர்களில் உச்சிக்குறி வைத்த எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்படுவது பற்றிய பழைய புகார் ஒன்று திறந்தே கிடந்தது. யாரும் முடிக்காமல் விட்டது. கொட்டச்சேடு பிரச்சினையும் அதுவும் ஒன்றே. தனிப் புகார் எழுதாமல் அதன் கீழேயே எழுதினேன். ஐரோப்பியர்களுக்கு அந்தப் பாதி உடனே விளங்கியது. நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுபாதி கடினம். கௌவும் கெளவும் ஒன்றுபோலத் தெரியும் என்பதைத் தமிழே தெரியாத ஒருவருக்கு எப்படிக் காட்டுவது? என் பார்வையில் இந்தப் பங்களிப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிரல் மாற்றம் சில வரிகள்தான். அந்த வரிகள் சரி என்று, தமிழ் எழுத்தை வாழ்நாளில் பார்த்திராத ஒருவர் தானே சோதித்துத் தெரிந்துகொள்ளும்படி செய்வது பெரிய வேலை. ஒரு அட்டவணை தயாரித்தேன். ஒவ்வொரு வரிசையிலும் பெயரின் எண்கள், திரையில் தெரியும் உருவத்தின் படம், இது எதோடு பொருந்த வேண்டும், எதோடு பொருந்தக் கூடாது. வெள்ளி, கெளுத்தி, மெளகு மூன்றையும் 'மாற்றக் கூடாதவை' என்ற பகுதியில் வைத்து, மாற்றினால் எப்படி உடையும் என்பதையும் படமாகவே காட்டினேன். நம் எழுத்து எவ்வளவு பழையது, எவ்வளவு சிக்கலானது என்றெல்லாம் எழுதவில்லை. அது யாருக்கும் சோதிக்க உதவாது.

சோதனைத் தரவில் பட்டறையின் உண்மையான பெயர்களோ எடைகளோ ஒன்றுகூட இல்லை. பொதுவான பெயர்களும் ஊர்ப்பெயர்களும் மட்டுமே. ஒருவரிடம் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பது உலகம் படிக்கும் இடத்துக்குப் போகவே கூடாத செய்தி. சோதனைக் கோப்பிலும் தமிழை நேரடியாக அடிக்காமல் எண்களாகவே எழுதி, பக்கத்தில் தமிழ் வடிவத்தைக் குறிப்பாக வைத்தேன். அடித்தால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். நகலெடுக்கும் வழியில் ஏதாவது ஒரு கருவி இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டால், சோதனை எதையும் சோதிக்காமலேயே வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தீர்வுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் தனித்தனிக் கிளைகளாக அனுப்பினேன். முதல் வழி மிக அழகானது. எல்லாப் பெயர்களையும் யூனிகோடின் பிரித்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடுவது. அப்போது ௌ தானாகவே 3014 என்ற கொம்பு, 3031 என்ற வலப்பக்கத் துண்டு என்று இரண்டாகப் பிரியும். ஔவும் ஒ, 3031 என்று பிரியும். பிறகு 3031 வரும் இடத்தில் எல்லாம் ள போட்டால் போதும். ஒரே ஒரு மாற்றீட்டில் கௌரியும் ஔவையாரும் சேர்ந்து சரியாகிவிடுவார்கள். இரண்டாம் வழியில், எல்லாவற்றையும் சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, ௌவுக்கு ஒன்றும் ஔவுக்கு ஒன்றுமாக இரண்டு மாற்றீடுகளைக் கையால் எழுத வேண்டும். அழகு குறைவு.

எதைத் தேர்வது என்று தீர்த்துவைத்தவர் கொரிய மொழி தெரிந்த ஒரு பங்களிப்பாளர். பிரித்தெழுதும் வடிவத்தில் கொரிய அசைகள் துண்டு துண்டாகிவிடும். 'க' போன்ற ஓர் அசையின் துண்டுகள் 'கக்' போன்ற அசையின் தொடக்கத்திலும் அப்படியே இருக்கும். ஒன்றைத் தேடினால் இரண்டும் வந்து குவியும் என்றார். தமிழிலும் அப்படி ஆகுமா என்று கேட்டார். ஆகும். பிரித்து எழுதினால் 'பெ' என்பதின் எண்கள் 'பொ'வின் தொடக்கத்தில் இருக்கின்றன. பெருமாளைத் தேட இரண்டு விசை தட்டும்போதே பொன்னுசாமிகளும் வந்து நிற்பார்கள். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருவர், தன் மொழியின் வலியிலிருந்து நம் மொழிக்கு வரவிருந்த ஒரு தொல்லையைப் பார்த்துவிட்டார். திறந்த சமூகத்தில் வேலை செய்வதன் பெரும் மகிழ்ச்சி எனக்கு இதுதான். சேலத்தில் நாங்கள் நாலு பேர் கூடிப் பேசியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. இரண்டாம் வழியையே எடுத்துக்கொண்டோம்.

பராமரிப்பாளரின் கவலை வேறு: மற்ற மொழிகளை இது தொடுமா? யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனி எண்கள் என்பதால் 3020ம் ஔவின் எண்ணான 2964ம் தமிழைத் தவிர வேறெங்கும் வராது. சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றுவது எல்லா மொழிக்கும் பொது. அதனால் அந்தப் பழைய பிரெஞ்சுப் புகாரும் இதிலேயே முடிந்துவிடும். இதைச் சொன்னதும் அவர் கூடுதல் ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கினார். பழைய தரவுத்தளங்களில் ஏற்கெனவே சேமித்த சாவிகளைப் புதுப்பிக்க, மேம்படுத்தும்போது ஒருமுறை ஓடும் சிறு நிரலும் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். சோதனையையும் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் வைத்தேன். தோற்கும் சோதனை தனிக் கமிட்டாக வரலாற்றில் கிடந்தால், பிற்காலத்தில் வேறொரு வழு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கிட் பைசெக்ட் கட்டளை கொண்டு தேடுபவரை அது தடம் மாற்றிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாவி ஒன்றானால் கணக்குகளைத் தானாகவே இணைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். கூடாது என்று எழுதினேன். ஒரே தெருவில் இரண்டு கௌரிகள் இருக்க முடியும். வெள்ளி எடையை இணைப்பதா வேண்டாமா என்பதை, அந்த இருவரையும் தெரிந்த மனிதர்தான் சொல்ல வேண்டும். இதே சாவியில் இன்னொரு கணக்கு இருக்கிறது என்று நிரல் காட்டட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். திருத்தம் அடுத்த வெளியீட்டில் வந்தது. மாமாவும் அந்தத் தொழிலாளியும் பழைய சீட்டுகளை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு கணக்குகளையும் சேர்த்தார்கள். எடை நேரானது.

பெயர்ச் சீட்டு அச்சிடும்போது பெயர் பாதியில் வெட்டுப்படுவது வேறு வழு. அதை இதோடு கலக்காமல் தனியாகப் பதிவு செய்தேன். சேலம் என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து எண், கோப்பில் 15 பைட். நிரல் எண்களை எண்ணி வெட்டுவதால், நாலாவது எண்ணில் வெட்டினால் புள்ளி போய் 'சேலம' என்று நிற்கும். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. ஆனால் ஒரு மொழிக்காக ஒரு நூலகத்தைச் சேர்க்கப் பராமரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் தயக்கம் நியாயம். எல்லா மொழிக்குமான யூனிகோடு விதியின்படி வெட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது.

அடுத்த திருத்தத்தைச் சேலத்துக் கல்லூரி மாணவி ஒருவர் எடுத்திருக்கிறார். ஸ்ரீ என்பதைத் தொடங்க இரண்டு எழுத்துகள் இருக்கின்றன: நாம் வழக்கமாக எழுதும் ஸ, 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ. எதில் தொடங்கினாலும் திரையில் அதே ஸ்ரீதான். அவர் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் தளத்தின் தமிழ்க் கட்டுரைகளைப் படித்து கிட் பழகியவர். பட்டறை அட்டவணையின் வடிவத்திலேயே, ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் என்று எண்ணும் படமுமாக வரிசைகளைத் தயாரித்து வைத்திருக்கிறார். ஶவை எல்லா இடத்திலும் ஸவாக்குவதா, ஸ்ரீயில் மட்டுமா என்று பராமரிப்பாளர் கேட்டிருக்கிறார். ஸ்ரீயில் மட்டும் என்பது மாணவியின் கட்சி. வடமொழிச் சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் பதிப்பிப்பவர்களுக்கு ஶவும் ஸவும் வேறு என்று காரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்.